முள்ளு கீழ இருந்தா ஃபுல்லு

தம்பிங்களா, நீங்க என் முதுகுக்குப் பின்னாடி சிரிக்கிறது எனக்குத் தெரியாதுன்னு நெனைக்காதீங்க. காது இன்னும் நல்லாத்தான் கேக்குது. டீசல் மீட்டர் மாத்தின வண்டிய எடுக்க வர்ற டிரைவர சீட்டுல குந்த வெச்சு, "முள்ளு எங்க கீது? அப்டின்னா டேங்குல எவ்ளோ கீது? வாய வுட்டு சொல்லு"ன்னு நான் கேட்டா உங்களுக்குத் தமாசா இருக்கு. "பெருசு ஒண்ணாங்கிளாஸ் வாத்தியார் வேல பாக்குது"ன்னு ஒருத்தன் சொன்னான். எவன்னும் தெரியும். வேலைய வுட்டு வூட்ல குந்தினப்புறம் இங்க வந்து கத்தணும்னு எனக்கு என்ன தலையெழுத்தா? அந்தப் பழக்கத்த நான் கண்டுபுடிக்கல. கல்மண்டபத்து ஷெட்டுல எங்களோட ஒயரிங் பாத்த அண்ணன் ஆரம்பிச்சது. ஏன் ஆரம்பிச்சாருன்னு இன்னிக்கு சொல்லிட்றேன், அப்புறம் சிரிக்கிறவன் சிரிச்சுக்கோ.

பெட்ரோல் வெல எகிறின காலம். ராயபுரத்துலயும் தண்டையார்பேட்டையிலயும் பழைய அமெரிக்கக் காருங்க நெறய ஓடிட்டிருந்துச்சு. ஒவ்வொண்ணும் ஒரு படகு நீளம். பெட்ரோல குடம் குடமா குடிக்கும். தீனி போட்டு மாளாம, எல்லாரும் பெட்ரோல் எஞ்சின கழட்டி எறிஞ்சுட்டு டீசல் எஞ்சின் போட ஆரம்பிச்சாங்க. சந்துக்கு சந்து ஷெட்டு மொளச்சுது. எஞ்சின எறக்கத் தெரிஞ்சவன் நூறு பேரு. ஆனா எஞ்சினுக்கும் டேங்குக்கும் நடுவுல போற சமாச்சாரம் யாருக்கும் புடிபடல.

ரெண்டே சமாச்சாரம் தான். ஒண்ணு, பைப்பு. பெட்ரோல் வண்டிக்கு டேங்குல இருந்து போற பைப்பு ஒண்ணு தான். டீசலுக்குப் போற பைப்பு ஒண்ணு, குடிச்சது போக மிச்சம் திரும்பி வர்றதுக்கு இன்னொண்ணு. ஜாயிண்ட்ல மயிரிழை ஓட்ட இருந்தாக்கூட காத்தை உறிஞ்சிக்கும், எஞ்சின் மூச்சடைச்சு நின்னுடும். அது என் பக்கத்து வேல. ரெண்டாவது, டேங்க் யூனிட். டேங்குக்குள்ள ஒரு மெதவ மேலயும் கீழயும் போகும், அது நிக்கிற ஒசரத்த ஒயர் வழியா மீட்டருக்கு சொல்லும். ஒரு தேசத்துக்காரன் டேங்க் ரொம்பினா கரண்ட் நெறய போற மாதிரி செஞ்சிருப்பான். இன்னொரு தேசத்துக்காரன் கம்மியா போற மாதிரி செஞ்சிருப்பான். இவன் மீட்டருக்கு அவன் யூனிட்ட கட்டினா, கெழக்க போடான்னா மேக்க போகும். ரொம்பினா காலின்னு காட்டும், காலியானா ரொம்பிச்சுன்னு காட்டும். மீட்டரும் யூனிட்டும் ஜோடியா இருக்கணும். அது ஒயரிங் அண்ணன் வேல. ஜோடி சேக்கறதுல அவர அடிச்சுக்க ஆளில்ல.

மளிகை மண்டி வெச்சிருந்த ஒரு திருநெல்வேலிக்கார முதலாளிகிட்ட அப்டி ஒரு காரு இருந்துச்சு. வாடகைக்கு வுட்டிருந்தாரு. ஓட்றவன் பேரு சவுரி, எனக்கு நல்லா பழக்கம். வேற ஏதோ ஷெட்டுல டீசல் எஞ்சின் போட்டு, கைக்கு கெடச்ச யூனிட்ட மாட்டி அனுப்பிட்டாங்க. மீட்டர் தலகீழ். முதலாளி ஒரு நாள் வண்டிய அவரே ஓட்டிட்டு எங்க ஷெட்டுக்கு வந்து, "வே, இந்த முள்ளு ஒரே பொய்யா சொல்லுது, சரி பண்ணும்"னாரு. ஒயரிங் அண்ணன் டேங்க எறக்கி, ஜோடி யூனிட்டு தேடிப் போட்டு, ஊத்தி ஊத்தி சரி பாத்து குடுத்தாரு. சுத்தமான வேல. முதலாளி தலைய ஆட்டிட்டு எடுத்துட்டுப் போனாரு.

இதுல சவுரி எங்கன்னு கேக்கறீங்களா? அவன் நேர்த்திக்கடனுக்கு வேளாங்கண்ணிக்கு நடந்து போயிருந்தான்.

அவன் திரும்பி வந்த மறுநாள் காலைல நான் திருவொத்தியூர்ல இருந்து சைக்கிள்ல வேலைக்கு வந்துட்டிருந்தேன். அன்னிக்கு பஸ் ஸ்டிரைக்கு. ரோடு முழுக்க சனம் நடந்து போவுது. தேரடி தாண்டி கொஞ்ச தூரத்துல அந்தக் காரு வாயப் பொளந்துகினு நிக்குது. சவுரி ஸ்டார்ட்டர அமுக்கி அமுக்கி பேட்டரிய சாவடிச்சிட்டிருக்கான். பக்கத்துல வெள்ள சட்ட போட்ட ஒரு பையன், இருவது இருவத்திரெண்டு இருக்கும், குட்டி போட்ட பூனை மாதிரி சுத்தி சுத்தி வர்றான். அவங்க அம்மா ஒரு டிரங்குப் பொட்டி மேல குந்திக்கினு மாதாவ கூப்பிட்டுட்டிருக்கு.

சவுரி என்னப் பாத்ததும் ஓடி வந்தான். "மாமு! நல்ல நேரத்துல வந்த. வண்டி நட்ட நடு ரோட்ல கவுத்துட்ச்சி. இந்தப் பையனுக்கு கப்பல் வேல கெடச்சிகீது. பத்து மணி சங்கு ஊதறதுக்குள்ள ஹார்பர் கேட்டாண்ட நிக்கணும். இல்லன்னா வரிசைல அடுத்து நிக்கிறவன ஏத்திடுவாங்களாம்."

பையன் பேரு ஜெரோம். எண்ணூர் முகத்துவாரத்துப் பக்கம் குப்பத்துப் பையன். அப்பன் கடல்ல போயிட்டான். இந்தக் கப்பலுக்கு அவன் எத்தன நாளு காத்துக் கெடந்தான்னு அந்தம்மா மூச்சு வுடாம சொல்லிட்டே இருக்கு. நான் காதுல வாங்கல. கை பரபரன்னுது.

"டீசல் கீதா சவுரி?"

"ஃபுல்லா கீது மாமு."

"நல்லா பாத்தியா?"

"மாதா சத்தியமா ஃபுல்லு!"

மாதா மேல சத்தியம் பண்ணினப்புறம் மனுஷன் வேற என்ன பண்ணுவான்? டேங்க் ஃபுல்லு, அப்ப பைப்புல தான் கோளாறுன்னு முடிவு கட்டிட்டேன். என் பையில இருந்தது ரெண்டு ஸ்பேனரு, ஒரு கட்டிங் பிளேயர். ஃபில்ட்டர் மேல இருக்கிற ஸ்குருவ தளத்தி கைப் பம்ப அடிச்சேன். புஸ்ஸு புஸ்ஸுன்னு காத்து தான் வருது. அடிச்சேன், அடிச்சேன், கட்ட வெரலு வீங்கிப் போச்சு. ஒரு சொட்டு டீசல் இல்ல. எங்கயோ காத்து உறிஞ்சுதுன்னு வண்டிக்கு அடில பூந்தேன். பூந்து பாத்தா, அடப்பாவிங்களா! பழைய பெட்ரோல் பைப்பு ஒரு சைசு, புதுசா போட்ட செப்புப் பைப்பு ஒரு சைசு, ரெண்டையும் ஒரு ரப்பர் டியூபுல சொருகி கட்டுக்கம்பி சுத்தி வெச்சிருக்கானுங்க. எஞ்சின் போட்டவன் எவனோ, அவன் என் கைல கெடச்சிருந்தா அன்னிக்கு கொலகேசு.

அந்த ஜாயிண்ட் இது நாள் வரைக்கும் தாங்கிச்சே, இன்னிக்கு மட்டும் ஏன்னு ஒரு ரோசன ஓடுச்சு. படுத்த வாக்குல ஸ்பேனரால டேங்க தட்னேன். டங்குனு சத்தம் வந்துச்சு. ரொம்பின டேங்க் அப்டி பேசாது.

வெளிய வந்து சட்டக்காலர புடிச்சேன். "டேய் சவுரி, டேங்க் காலிடா!"

"இன்னா மாமு வெளையாட்ற? முள்ள பாரு, கீழ படுத்துகினு கீது."

"முள்ளு கீழ இருந்தா காலிடா கஸ்மாலம்!"

"மத்த வண்டிக்கு அப்டி. இந்த வண்டில முள்ளு கீழ இருந்தா ஃபுல்லு. ரொம்ப நாளா அப்டித்தான ஓட்டிகினு கீறேன். எனுக்குத் தெரியாதா?"

அப்ப தான் எனக்கு மண்டைல ஒறச்சுது. தலகீழ் மீட்டர அவன் யார்கிட்டயும் புகார் பண்ணல. தலகீழாவே படிக்கக் கத்துக்கினான். நம்ம ஊரு டிரைவருங்க அப்டித்தான். கதவு சாத்தலன்னா முழங்கைல இடிச்சு சாத்துவான், ஹாரன் அடிக்கலன்னா தலைய நீட்டி கத்துவான், ஷெட்டுக்கு மட்டும் கொண்டாற மாட்டான். வண்டியோட ஊனம் எல்லாம் அவன் ஒடம்புல ஏறிடும். ஒயரிங் அண்ணன் வண்டிய நேர் பண்ணிட்டாரு. சவுரிய யாரு நேர் பண்றது? முதலாளிக்குத் தெரியும், அவர் சொல்ல மறந்துட்டாரு. காலைல கீழ படுத்திருந்த முள்ளப் பாத்து, ஆஹா முதலாளி ஃபுல் டேங்க் போட்டு வெச்சிருக்காருன்னு சந்தோசமா கெளம்பி வந்திருக்கான் மடையன்.

திட்றதுக்கு நேரமில்ல. பையன் மொகம் வெளிறிப் போச்சு. தம்பிங்களா, இங்க கவனிங்க. கோளாறு தெரிஞ்சதும் நம்மளுக்கு ஒரு வெறி வரும். இத சரி பண்ணியே தீருவேன்னு கை துடிக்கும். அவசரத்துல அண்டாவுலகூட கை நொழயாது. அந்த நேரத்துல ஸ்பேனர கீழ வெச்சுட்டு, இப்ப எது போய் சேரணும்னு ஒரு தபா கேட்டுக்கணும். காரு போய் சேரணுமா, பையன் போய் சேரணுமா?

"ஜெரோம், காகிதமெல்லாம் மடில கட்டிக்க. என் சைக்கிள எடுத்துகினு பற!"

அவன் அசையல. தலைய குனிஞ்சுகினான். "சைக்கிள் ஓட்டத் தெரியாது மாமா."

"இன்னாது?"

"எங்க குப்பம் பூரா மணலு. சைக்கிள் ஓடாது. கட்டுமரம் தான் தெரியும்."

ஒலகம் சுத்தப் போறவன் ரெண்டு சக்கரம் ஓட்டத் தெரியாம நிக்கிறான்! எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒண்ணா வந்துச்சு. சரின்னு சவுரிய சைக்கிள்ல ஏத்தி, பையன பின்னாடி கேரியர்ல குந்த வெச்சேன். அந்தக் காலத்துல டபுள்ஸ் போனா போலீஸ் புடிக்கும். பரவால்ல, சந்து வழியா மிதின்னேன்.

அந்தம்மா பொட்டிய கட்டிப் புடிச்சுகிச்சு. "பொட்டி இல்லாம எம்புள்ள எப்டிப்பா போவான்? மாத்து துணி வேணாமா? கம்பளி வேணாமா?"

"பொட்டிய நான் கொண்டாறேன் ஆயா, நீ கவலப்படாத."

"யாருடா ஆயா? ஒனக்கும் எனக்கும் நாலு வயசு வித்தியாசம் இருக்குமா?" அந்த நேரத்துலயும் அதுக்கு ரோசத்த பாத்தியா!

அவங்க போனப்புறம் தெற்க போற லாரிங்களுக்குக் கை காட்னேன், ஒருத்தனும் நிக்கல. எதிர்த்தாப்ல மணலிப் பக்கம் போன ஒரு லாரிக்காரரு தான் மனசு வெச்சு நிறுத்தினாரு. அவரு டேங்குல இருந்து டியூபு போட்டு, வாயால உறிஞ்சி ஒரு டின்னு டீசல் எடுத்தேன். வாயெல்லாம் நாறிப்போச்சு. "ஊத்துபா டேங்குல"ன்னாரு. நான் ஊத்தல. அவ்ளோ நீள வண்டி, பின்கோடில டேங்க், நடுவுல அந்த கட்டுக்கம்பி ஜாயிண்ட். ஒரு தபா காஞ்ச லைனு அந்த ஜாயிண்ட் வழியா டீசல உறிஞ்சவே உறிஞ்சாது, காத்தத் தான் உறிஞ்சும். அதுகிட்ட மல்லுகட்னா மத்தியானம் ஆயிடும். லைன் எக்கேடோ கெட்டுப் போவுது, எஞ்சினுக்கு சோறு போட்டா போதும்னு முடிவு பண்ணேன். டின்ன எஞ்சின விட ஒசரத்துல புடிச்சு, நேரா ஃபில்ட்டருக்கு டியூபு குடுத்தா தானா எறங்கும்.

லாரிக்காரர் புரிஞ்சுகினு டியூபு முனைய மாட்டப் போனாரு. "நில்லுண்ணே, ரிட்டர்ன்"னேன். மிச்சம் திரும்பிப் போற பைப்பு இன்னும் பின்னாடி டேங்குல தான் கீது. டின்னுல இருந்து போறதுல பாதி அங்க போய் வுழுந்துடும், காசிமேடு தாண்டறதுக்குள்ள டின்னு காஞ்சிடும். போற டியூபும் வர்ற டியூபும் ஒரே டின்னுல இருக்கணும். ஆனா டியூபு ஒண்ணு தான். அவர் மூஞ்சியப் பாத்தேன்.

"ஓசில டீசல் குடுத்தேன். இப்ப டியூபையும் அறுக்கணுமா?"ன்னாரு. அந்தம்மா அவரப் பாத்து ரெண்டு கையும் கூப்பிச்சு. அவரே கத்திய எடுத்து ரெண்டா அறுத்துட்டாரு. எந்த ஊரு, என்ன பேரு, ஒண்ணும் கேட்டுக்கல. அவரு நல்லா இருக்கணும்.

முன் சீட்டுல ஜன்னலோரம் அந்தம்மாவ குந்த வெச்சு, டின்ன வெளிய தூக்கிப் புடிக்க சொன்னேன். ரெண்டு டியூபும் பானெட் இடுக்கு வழியா உள்ள போவுது. பானெட்ட மூடல, கயித்துல கட்னேன். காத்து போக்கி, ஒவ்வொரு நட்டா இறுக்கி, லாரிக்காரர ஸ்டார்ட்டர அமுக்க சொன்னேன். பேட்டரில ஒரு சுத்துக்குத் தான் உசுரு இருந்துச்சு. முக்கி மொனகி, கருப்பா பொகைய கக்கி, புடிச்சுகிச்சு பாரு எஞ்சின்! அந்தம்மா கத்தின கத்துல ரோட்ல போன மாடு மெரண்டுச்சு.

"டின்ன கீழ எறக்கிடாத யம்மா. எறக்கினா நின்னுடும். நின்னா திரும்ப கெளம்பாது."

"எம்புள்ளைய பத்து மாசம் சொமந்தவ நான். இந்த டின்ன சொமக்க மாட்டனா? ரோட்ட பாத்து ஓட்டு."

ஒவ்வொரு பள்ளத்துக்கும் டீசல் தளும்பி அதோட பொடவைல ஊத்துது. அப்பவும் எறக்கல. நான் கிளட்ச அமுக்கறதுக்கே பயந்துகினு, ஹாரன் அடிச்சுகினே வர்றேன்.

தண்டையார்பேட்டை வந்தா, வெண்ண தெரண்டு வரும்போது தாழி ஒடஞ்ச கத. ரோட்டோரமா ஒரு கான்ஸ்டபிள், பக்கத்துல சவுரியும் ஜெரோமும். டபுள்ஸ் போனதுக்கு சைக்கிளோட ரெண்டு டயர்லயும் காத்த புடுங்கி வுட்டுட்டாரு. இங்க காத்து வெளிய போவ மாட்டேன்னு என் உசுர வாங்குச்சு, அங்க காத்து நிக்க மாட்டேங்குது! சவுரி கெஞ்சிட்டிருக்கான். நான் வண்டிய நிறுத்த முடியாது. வேகத்த கொறச்சு, "ஜெரோம், ஏறுடா!"ன்னு கத்தினேன்.

பழைய காருக்கு கதவுக்குக் கீழ நீளமா படி இருக்கும். கட்டுமரத்துல ஏறிப் பழகின பையன் இல்லியா, ரெண்டே எட்டுல ஓடி வந்து படில தாவி, ஜன்னல் கம்பிய புடிச்சு தொங்கிகினான். கான்ஸ்டபிள் விசில் ஊதறாரு. சவுரி பின்னாலயே ஓடி வந்து, "மாமு, முள்ள பாத்து ஓட்டு!"ங்கறான். அந்த முள்ள எவன் பாத்தான்? நான் டின்னைத் தான பாத்துகினு வர்றேன்.

ஹார்பர் கேட்டாண்ட திரும்பறோம், சங்கு ஊதுது. கேட்டுக்கு வெளிய ஒரு மேசை போட்டு ஏஜென்ட் ஆபீஸ் ஆளு நின்னுட்டிருந்தாரு. அவருக்கு முன்னாடி இன்னொரு பையன். ஜெரோம் வயசு தான் இருக்கும். அவன் காகிதம் அவர் கைல போயாச்சு. அவன் தகரப் பொட்டிய தூக்கி தோள்ல வெச்சுகினான்.

"சார்! சார்! வந்துட்டான் சார்! ஜெரோம் சார்!"னு நானும் அந்தம்மாவும் தொண்ட கிழிய கத்தறோம். ஜெரோம் படில இருந்து குதிச்சு ஓடினான். அந்த ஆளு இவன ஒரு பார்வ, காரு பக்கம் ஒரு பார்வ, கடியாரத்த ஒரு பார்வ பாத்தாரு. அப்புறம் கைல இருந்த காகிதத்த மடிச்சு அந்தப் பையன்கிட்டயே திருப்பிக் குடுத்துட்டு, ஜெரோம் காகிதத்த வாங்கினாரு.

நான் ஸ்டியரிங்க அடிச்சு அடிச்சு சிரிச்சேன். ஜெயிச்சுட்டோம்னு கத்தினேன்னு நெனைக்கிறேன். ஜெரோம் திரும்ப ஓடி வந்து பொட்டிய இழுத்து எடுத்தான், அம்மா கன்னத்துல ஒரு முத்தம் வெச்சான், கேட்டுக்குள்ள போயிட்டான். அந்தம்மாவுக்கு கண்ணத் தொடைக்கக்கூட வழியில்ல, ரெண்டு கையும் டின்னுல. எஞ்சின் ஓடிட்டே இருக்கு.

அந்த இன்னொரு பையன் அங்கயே நின்னுட்டிருந்தான். பொட்டிய தோள்ல இருந்து எறக்கவும் இல்ல, நடக்கவும் இல்ல. அவனோட யாரும் வரல. நான் சிரிப்ப நிறுத்தினேன். எனக்கு அசிங்கமா இருந்துச்சு. ஒரு மீட்டர் முள்ளு தப்பாவே இருந்திருந்தா, சவுரி அத சரியா படிச்சிருப்பான். ஜெரோம் காலங்காத்தால வந்து நின்னிருப்பான், இவனும் பொட்டிய தூக்கியிருக்க மாட்டான், ஆசைய தோள்ல ஏத்தியிருக்க மாட்டான். முள்ள சரி பண்ணது எங்க ஷெட்டு. நம்ம வேல போய் எவன் எவன் மேல வுழும்னு நம்மளுக்குத் தெரியறதில்ல தம்பிங்களா. ஒயரிங் அண்ணன்கிட்ட இந்தப் பையனப் பத்தி சொன்னப்ப தான் அவர் டிரைவர குந்த வெச்சு கேக்கற பழக்கத்த ஆரம்பிச்சாரு. ஜெரோமப் பத்தி சொன்னப்ப சும்மா தலைய ஆட்னாரு, அவ்ளோதான்.

வண்டிய எப்டி திருப்பறதுன்னு நான் பாத்துட்டிருந்தேன். அந்தப் பையன் நேரா ஜன்னலாண்ட வந்தான். திட்டப் போறான்னு தான் நெனச்சேன். அந்தம்மாவும் அப்டித்தான் நெனச்சிருக்கும், தலைய குனிஞ்சுகிச்சு.

அவன் பொட்டிய படி மேல வெச்சான். அந்தம்மா கைய பாத்தான். தோளு வரைக்கும் வெடவெடன்னு நடுங்கிட்டிருந்துச்சு.

"டீசல் கொட்டுது பாருங்கம்மா. கையி வலிக்கும். குடுங்க, நான் புடிச்சுக்கறேன்"னான்.

படில ஏறி நின்னு டின்ன வாங்கிகினான். ஷெட்டு வர்ற வரைக்கும் அப்டியே தூக்கிப் புடிச்சுகினு வந்தான். அவன் கை ஆடவே இல்ல.